மூலை மடிப்பு

மனைவியிடம் கேட்காமலேயே மனைவியிடம் கற்றுக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை காலை சுரேஷ்கண்ணன் எடுத்த முடிவு அதுதான்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் அவனுடைய மாதிரிப் பாடம். பக்கத்து ஊர்களிலிருந்து பன்னிரண்டு ஆசிரியர்கள் வந்து பின்வரிசையில் உட்காரப் போகிறார்கள். "கத்தரி வேண்டாம், பசை வேண்டாம், ஒரே தாளில் கனச்செவ்வகப் பெட்டி" என்று கூட்டத்தில் சொன்னது அவன் வாய். கைக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை பள்ளியில் வீடியோ பார்த்து மடித்த ஆறு பெட்டிகளும் மூலைக்கு மூலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன்தான். அவனை ஒரு தாள் தோற்கடித்தது என்று சுருளிப்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டால்?

வித்தை வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாகஜோதி திராட்சைப் பெட்டி மடிப்பவள். தோட்டக்காரர்கள் தட்டை அட்டைகளைக் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போவார்கள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் பெட்டியாக்கிப் போடுவாள். பசை கிடையாது. பத்தாவதோடு நின்றவளிடம் ஒரு பி.எஸ்சி., பி.எட். எப்படிப் போய்க் கேட்பது? பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் திருடிவிடலாம்.

"சும்மாதானே இருக்கேன். கொஞ்சம் மடிக்கட்டா?"

நாகஜோதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஏன், பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணக் கூடாதா?"

"தாராளமா. கல்யாணமாகி நாலு வருசத்துல இன்னைக்குத்தான் தோணுச்சாக்கும். இங்கன உக்காருங்க. நீங்க நாலு பக்கத்தையும் நிமித்திக் குடுங்க. மூலைய நான் பாத்துக்கிறேன்."

அவனுக்கு வேண்டியதே மூலைதான்.

நிமிர்த்தினான். மேகமலைப் பக்கமிருந்து காற்று வந்தது. புது அட்டையின் வாசனை கண்ணைச் செருக வைத்தது. சின்னச் சின்னச் சுவர்கள் எழும்ப எழும்ப, அவன் வகுப்பறையின் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பறந்தன. காகிதக் கூம்புகளும் உருளைகளும் மேலே மிதந்தன. பிள்ளைகள் அவற்றை நூலில் பிடித்துக்கொண்டு திராட்சைப் பந்தல்களுக்கு மேலே நடந்து போனார்கள். பன்னிரண்டு ஆசிரியர்களும் ஒரு பெரிய பெட்டிக்குள் உட்கார்ந்து, மூலையைத் தடவிப் பார்த்து, எப்படிப்பா இது என்று...

"ஏங்க, அடுப்புல ஒல கொதிக்குதா பாருங்க."

போய்ப் பார்த்தான். உலையே வைத்திருக்கவில்லை. திரும்பி வருவதற்குள் பத்துப் பெட்டிக்கு மூலை முடிந்திருந்தது.

மறுபடி நிமிர்த்தினான். அவள் கை மூலைப் பக்கம் போனது. அவன் குனிந்தான்.

"தொட்டி நெறஞ்சிருக்கும், மோட்டார நிப்பாட்டிட்டு வாங்க."

அதன்பின் கொடியில் துணி. அதன்பின் வாசலில் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னாள். யாரும் இல்லை. பெட்டிகள் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கூரை வரை உயர்ந்தன, மலையில் மேகம் ஏறுவதுபோல.

மூன்று மணிக்கு ஒரே ஒரு அட்டை மிச்சம். சுரேஷ்கண்ணன் சரணடைந்தான்.

"ஏம்மா, அந்த மூலைய எப்படி மடிக்கிற?"

"இதா? குறுக்கால பாதியாக் கிள்ளுங்க. முக்கோணமா நிக்கும். அதப் பக்கத்தோட சாச்சு, மேல் விளிம்ப மடக்கி அமுக்குங்க. அம்புட்டுத்தான்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சார்ட் தாளை எடுத்து அவனும் மடித்தான். நான்கு மூலையும் வாயை மூடிக்கொண்டு நின்றன.

"இது கோண இருசமவெட்டி," என்றான் சொக்கிப்போய்.

"இருக்கட்டும். நாளைக்குத் தடுமாறாம நடத்துங்க."

"நாளைக்குப் பாடம்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒங்க ஹெச்.எம். சொர்ணலதா டீச்சர்தான். வெள்ளிக்கிழமையே போன் பண்ணுனாக. 'சாருக்கு மூலை வர மாட்டேங்குது, கொஞ்சம் காட்டிக் குடும்மா'ன்னு சொன்னாக."

"அப்ப காலையிலேயே காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பீக. முந்நூறு அட்டைய யாரு நிமித்துறது?"

அவள் அட்டைத் தூசியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அது கெடக்கட்டும். கம்பத்துல ஏலக்காய்க் கடைக்காரரு ஆறு மூலைப் பெட்டி கேட்டிருக்காரு. ஒங்க பாடத்துல அறுகோணம் எந்த வாரம் வருது?"