அடையாளத்துக்குக் கட்டிய பட்டு

காற்றடிக்கத் தொடங்கினால் கலியாணசுந்தரத்துக்குத் தாகம் எடுத்துவிடும். சாதாரணத் தாகம் இல்லை. தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கும் மனைவி கமலவேணியே எழுந்து, அடுக்களைக்குப் போய், சொம்பில் மொண்டு வந்து கொடுத்தால்தான் தீரும் தாகம். அன்று ஆடிக் காற்று காலையிலிருந்தே விடாமல் அடித்ததில், மனிதர் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குச் சக்கரதாங்க. நான் சொன்னா கேக்கமாட்டேன்றீங்க" என்றாள் கமலவேணி.

ஏற்கெனவே ஒரு முறை அவரைப் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்திருந்தாள். சர்க்கரை இல்லை என்று வந்தது. அவள் நம்பவில்லை.

சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் அந்த வேப்பமரம் செய்த வேலை. தெருவைப் பார்த்த மூலையில் நின்ற அந்த மரம் வீட்டின் மேலே நன்றாகச் சாய்ந்துவிட்டது. அதன் பெரிய கிளை, தறிக்கூடத்தில் கமலவேணி உட்காரும் இடத்துக்கு நேர் மேலே நீண்டிருந்தது. போன மழைக்காலத்தில் அதிலிருந்து ஒரு துண்டு ஒடிந்து, ஓட்டைப் பொத்துக்கொண்டு, சரியாக அவள் உட்காரும் பலகையில் வந்து விழுந்தது. பால் பொங்கும் சத்தம் கேட்டு அவள் அப்போதுதான் எழுந்து போயிருந்தாள்.

கமலவேணி ஓட்டுத் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி நெய்ய உட்கார்ந்துவிட்டாள். அவரால்தான் முடியவில்லை. பால் கொஞ்சம் தாமதமாகப் பொங்கியிருந்தால் என்ற நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. அதை அவளிடம் சொல்லவும் வெட்கம். கல்யாணமாகி, தலையும் நரைத்த பிறகு, நீயில்லாமல் எனக்கு ஆகாது என்று மனைவியிடம் சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்? அதனால் அவர் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடப் போனார்.

கம்பெனியிலிருந்து ஆனந்தகுமார் என்ற இளைஞர் வந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர், இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"இது ரிஸ்க் சார். மரத்த எடுங்க, இல்லன்னா அந்தப் பெரிய கிளையையாவது எடுங்க. அப்பதான் பாலிசி தரமுடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலியாணசுந்தரத்துக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மரத்தை வெட்ட வெளியில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டது. உடனே மாகறலில் இருந்த மரம் வெட்டும் மாணிக்கவேலுவுக்குப் போன் போட்டார். மாணிக்கவேல் கைராசிக்காரர்தான், ஆனால் கொஞ்சம் அவசரக்காரர். ஏனாத்தூரில் ஒரு வீட்டில் மரம் மாற்றி வெட்டிவிட்டு, ஊர் முழுக்கத் திட்டு வாங்கியவர். இங்கேயோ பக்கத்து வீட்டுக் கோதண்டபாணியின் வேப்பமரமும் ஒட்டினாற்போல நின்றது. அதனால் எந்த மரம் என்று தெரிய ஒரு துணி கட்டி வைக்கும்படியும், விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் வந்து வேலையைத் தொடங்கிவிடுவதாகவும் மாணிக்கவேல் சொன்னார்.

வேறு வீடாக இருந்தால் கிழிந்த லுங்கி கட்டியிருப்பார்கள். நெசவுக்கார வீட்டில் கைக்கு அகப்படுவது பட்டுதானே. சேலை அறுத்தபோது மிஞ்சிய ஒரு துண்டு கிடந்தது. மஞ்சள் உடல், அரக்குச் சிவப்புக் கரை. கலியாணசுந்தரம் அதை மரத்தைச் சுற்றிக் கட்டி, அவிழாதபடி முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு காற்றுச் சத்தம் காதில் விழாத தூக்கம் தூங்கினார். மறுநாள் ஆடி மாத முதல் வெள்ளிக்கிழமை என்பதை அவர் நினைக்கவே இல்லை.

விடிந்தபோது அவரை எழுப்பியது மணிச் சத்தம்.

வெளியே வந்து பார்த்தால் மரத்தடியில் பாதித் தெரு நின்றுகொண்டிருந்தது. மரத்துக்கு மஞ்சள் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கீழே கற்பூரம் எரிந்த கறை. பூக்கார எல்லம்மாள் முழுக் கூடைப் பூவையும் மரத்தின் காலடியில் கொட்டிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தவள். இருட்டு பிரியும் நேரத்தில் பூ எடுக்கப் போகும்போது, மரத்தில் பட்டு, பொட்டு, எரிகிற கற்பூரம். சுற்றுமுற்றும் ஓர் ஆள் கிடையாது.

"தானா வந்து உக்காந்துக்கினா தாயி" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

கலியாணசுந்தரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டு அவர் கட்டியது, சரி. பொட்டு வைத்தது யார்? உடனே மாணிக்கவேலுவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஸ்விட்ச் ஆஃப். நல்ல நாள் பார்த்து வராமல் ஏமாற்றிவிட்டானே என்று மனதுக்குள் திட்டினார்.

பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி அதற்குள் மைக் செட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் வார்டு தேர்தலில் நின்று நின்று தோற்றவர். நேற்றுவரை அந்த மரத்தின் சருகு தன் வீட்டுச் சாக்கடையை அடைக்கிறது என்று சண்டை பிடித்தவரும் அவர்தான். இன்று நெற்றி நிறையக் குங்குமத்தோடு, இந்தத் தெருவுக்கே விமோசனம் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொட்டு வைத்தது இந்த ஆள்தான் என்று கலியாணசுந்தரம் முடிவு கட்டினார்.

பகலில் கூட்டம் கலைந்த நேரம் பார்த்து, பட்டை அவிழ்த்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று மெல்ல மரத்தடிக்குப் போனார். நெசவாளி போட்ட முடிச்சு, போட்டவருக்கே அவிழவில்லை. பல்லால் இழுத்துக்கொண்டிருந்தபோது எல்லம்மாள் வந்துவிட்டாள்.

"இன்னா செய்யறீங்க மொதலியாரே?"

"முடிச்சு தளர்ந்தாப்பல இருந்திச்சி. இறுக்கறேன்."

வாயால் முடிச்சிட்டு அம்மனுக்குப் பட்டுச் சாத்தினார் என்று சாயங்காலத்துக்குள் தெரு பூராவும் பேச்சு. கோதண்டபாணி அவர் தலையில் ஒரு துண்டைக் கட்டி, விழாக் கமிட்டித் தலைவராக்கிவிட்டார்.

தலைவர் ஆனதுதான் ஆனோம், அந்தப் பதவியை வைத்தே காரியத்தை முடிப்போம் என்று கலியாணசுந்தரம் ஒரு பொய் சொன்னார். கனவில் அம்மன் வந்தாளாம். எனக்கு இந்த மூலை வேண்டாம், ஊரெல்லையில் நல்ல இடமாகப் பார்த்து வை என்றாளாம். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

கோதண்டபாணி கனவில் அம்மன் வந்ததை மட்டும் மைக்கில் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை. அன்றைக்கே திருப்புட்குழியிலிருந்து ஒரு வேன் வந்து இறங்கியது. எந்த வீட்டுக் கனவில் அம்மன் பேசுகிறாளோ அந்த வீட்டுப் பெண்மணி கையால் குங்குமம் கொடுத்தால்தான் பலிக்கும் என்று கமிட்டி முடிவு செய்தது. மரத்தடியில் ஒரு பலகை போட்டுக் கமலவேணியை உட்கார வைத்தார்கள். பெரிய கிளைக்கு நேர் கீழே.

கலியாணசுந்தரம் ஆடிப்போய்விட்டார். இதுவரை கிளைக்கும் அவளுக்கும் நடுவில் ஓடாவது இருந்தது.

காற்று கிளம்பியது. வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"கமலா, கொஞ்சம் தண்ணி."

"இங்கயே கொடத்துல இருக்குது, வந்து குடிங்க" என்றாள் அவள், இருந்த இடத்தை விட்டு அசையாமல்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் நினைத்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும். யார் யாரோ வந்து அவளிடம் தங்கள் குறையைச் சொன்னார்கள். அவள் பொறுமையாகக் கேட்டு, குங்குமம் கொடுத்து, நல்லா இருப்பம்மா என்று அனுப்பினாள். இத்தனை காலம் தறியைப் பார்த்துக் குனிந்தே இருந்த முகம், நிமிர்ந்து பார்த்தால் இவ்வளவு அழகா என்று அவருக்கே புதிதாகத் தெரிந்தது. அழகு தெரியத் தெரியப் பயமும் ஏறியது.

கடைசியில் இன்சூரன்ஸ்காரரே கதி என்று ஆனந்தகுமாரைக் கூப்பிட்டார். படித்த பிள்ளை, ஆபீசர், அவர் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை, கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில் ஆனந்தகுமார் வந்தார். ஷூவைக் கழற்றினார். வரிசையில் நின்று, கமலவேணி கையால் குங்குமம் வாங்கி, கண்ணை மூடி வெகுநேரம் வேண்டிக்கொண்டார். பொண்ணு பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். பிறகு கலியாணசுந்தரத்தை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், வீட்டுக்குன்னா பாலிசி தரலாம். இது இப்ப கோயிலாயிடுச்சி, எங்களால முடியாது. இன்னொண்ணு, கிளை விழுந்து யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா உங்க மேலதான் வரும்."

பெரிய பேஜாராகப் போய்விட்டதே என்று கலியாணசுந்தரம் தலையில் கை வைத்த அதே நேரம், காற்று ஒரு சுழற்று சுழற்றியது. பெரிய கிளை கிறீச்சென்று முனகியது. சருகும் சுள்ளியுமாகக் கமலவேணியின் தலையில் உதிர்ந்தன.

"தாயி பேசறா" என்று எல்லம்மாள் கை கூப்பினாள். கூட்டமே கை கூப்பியது. கமலவேணியும் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

கலியாணசுந்தரம் ஓடினார். கும்பிட்டவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், மனைவியின் கையைப் பிடித்து இழுத்து, நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். கருட சேவைக் கூட்டத்தில்கூட அவள் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்து போகிற மனிதர் அவர்.

"இன்னாங்க இது, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அந்தப் பட்ட கட்னது நான். சாமிக்குக் கட்டல. வெட்றதுக்கு அடையாளமா கட்னேன். கனவும் பொய்."

தெரு அமைதியானது. கோதண்டபாணிதான் முதலில் பேசினார். வீட்டில் இத்தனை துணி இருக்க மஞ்சள் பட்டை எடுக்கச் சொன்னது யார், இத்தனை நாள் இருக்க ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் கட்டச் சொன்னது யார் என்று கேட்டார். கூட்டம் ஆமாம் போட்டது.

"சரி, துணி நீ கட்டினதாவே இருக்கட்டும்பா. பொட்டு யார் வச்சது? கற்பூரம் யார் ஏத்தினது? அதச் சொல்லு."

கலியாணசுந்தரத்திடம் அதற்குப் பதில் இல்லை. கோதண்டபாணி வைக்கவில்லை என்பது மட்டும் இப்போது தெரிந்தது. அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஓடும் வேணாம், இன்சூரன்சும் வேணாம் கமலா. அந்தக் கெள உன் மேல விழுந்துடுமோன்னுதான் பயம். காத்தடிச்சா தண்ணி கேப்பேன் இல்ல, அது தாகம் இல்ல. உன்னத் தறியிலேர்ந்து எழுப்பறதுக்கு."

கமலவேணி அவரையே பார்த்தாள். தலையில் சருகு இருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அதுக்காக ஊசி குத்திக்கினு ரத்தம் வேற கொடுத்தீங்களா?"

"நீ கூப்ட்ட, வந்தேன்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள். கனவு கண்ட வீட்டுப் பெண்மணி என்பதால் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். கனவு பொய் என்று இப்போதுதான் கேட்டார்கள் என்றாலும் பழக்கம் விடவில்லை.

"தாயி மரத்துலயே இருக்கட்டும். அந்தக் கெளய மட்டும் எடுத்துடலாம்" என்றாள்.

எல்லம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. சாமி குடியிருக்கும் மரத்தின் மேல் சும்மா ரம்பம் வைக்க முடியாது, அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, முதலில் தாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். என்ன முறை என்று கோதண்டபாணி கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. கமிட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் கலியாணசுந்தரம் கூட்டத்தின் கடைசியில், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி கும்பிட்டுக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார். மாணிக்கவேல். நழுவப் பார்த்தவரை எட்டிப் பிடித்து, இந்த ஆளைத்தான் வெட்டக் கூப்பிட்டேன், அன்றைக்கு வராமல் ஏமாற்றிவிட்டு இப்போது கும்பிட வந்திருக்கிறார் என்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

கமலவேணி தன்மையாகத்தான் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்கண்ணா. ஒரு மரத்த வெட்றதுக்கு முன்னாடி எப்படி மன்னிப்பு கேக்கணும்?"

மாணிக்கவேல் மரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார்.

"மஞ்ச பூசி, பொட்டு வச்சி, கற்பூரம் ஏத்திக் கேப்போம்மா, இந்த மரத்துகிட்ட மொத வெள்ளிக்கெழம விடியகாலமே அப்படிக் கேட்டுட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து வெட்டலாம்னு போனேன், திரும்பி வர்றதுக்குள்ள நீங்கல்லாம் கும்புட ஆரம்பிச்சிட்டீங்க."