நூரும்பாவின் கடைசிப் புருவம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் கொஞ்ச காலம் சும்மா இருந்தது. மிச்சமிருந்த வேலையை ஆஸ்திரேலியாவின் நூரும்பா ஊரில், மாட்டுத் தீவனக் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்து முடித்துவைத்தவர் எங்கள் டாக்டர் பென்ஹேல். மனித நெற்றியைச் சமன்செய்த மகான். அவருடைய முக அழகு நிலையத்தில் மேலாளர், வரவேற்பாளர், தேநீர் போடுபவர் ஆகிய மூன்று உயர் பதவிகளையும் நானே வகிக்கிறேன். பெயர் நரெல்.

நாங்கள் என்ன ஊசி போடுகிறோம் என்று விளம்பரத்தில் சொல்லக்கூடாது. மருந்தின் பெயரை எழுதினால் அபராதம். சட்டத்தை மதிப்பவர்கள் நாங்கள். ஆகவே அதை 'அது' என்போம். 'அது' போட்டுப் பத்து நாள் கழிந்தால் சுருக்கம் மறைந்து, நெற்றியும் புருவமும் அசையாமல் படுத்துவிடும், மூன்று நான்கு மாதத்துக்கு எழுந்திருக்காது. முதல் ஆண்டிலேயே ஊர்ப் பெண்கள் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஊழியருக்கு இலவசம் என்பதால் நானும் போட்டுக்கொண்டேன். அதோடு ஊரில் பெண்கள் தீர்ந்துபோனார்கள், வளர்ச்சி நின்றுவிட்டது.

டாக்டர் சும்மா இருப்பாரா? கோல்ட் கோஸ்ட் நகரத்துக்குப் போய், 'சிறு நிலையத்தைப் பெருநிலையம் ஆக்குவது எப்படி' என்று இரண்டு நாள் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் நிர்வாகக் குழுவைக் கூட்டினார். குழு என்பது டாக்டர், நர்ஸ் ஷோனா, நான்.

"இந்த ஊர்ல இன்னும் கை படாத நெத்தி எங்கம்மா இருக்கு?" என்று வெள்ளைப் பலகை முன்னால் நின்று கேட்டார்.

"கல்லறைத் தோட்டத்துல, டாக்டர்" என்றாள் ஷோனா.

"மாட்டுச் சந்தையில!" என்று மேசையை ஓங்கித் தட்டினார். "வெயில்ல நின்னு நின்னு ஒவ்வொருத்தன் நெத்தியும் உழுதுபோட்ட வயலாட்டம் கிடக்கு. ஒருத்தனாவது நம்ம வாசலை மிதிச்சிருக்கானா?"

"அழகுக்குன்னு சொன்னா அவனுங்க அடிக்க வருவானுங்க" என்றேன்.

"அழகுன்னு யாரு சொல்லச் சொன்னா? 'வெயில் சேதப் பராமரிப்பு'ன்னு சொல்லு. டிராக்டருக்குச் செய்யறானுங்கல்ல?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்ப்புத் தெரிவிக்கத் தான் முகத்தைச் சுளித்துப் பார்த்ததாக ஷோனா பிற்பாடு சொன்னாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மாட்டு வியாபாரிகள் ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். 'சந்தைக் காலச் சலுகை: நெற்றிக்குப் போட்டால் புருவ நடுவுக்கு இலவசம்.' கடற்கரைப் பக்கத்துப் பண்ணைகளுக்கு மாடு பிடித்துக் கொடுக்கும் விக்கரிதான் முதலில் வந்தார். அவரைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் வந்தார்கள். இரண்டே வாரத்தில் சந்தை முழுக்க வழவழவென்று ஆகிவிட்டது. எங்கள் சந்தையில் 'அது' போடாத முகம் இரண்டுதான். ஒன்று ஏலக்காரர் டூலி. அவருக்கு ஊசி என்றால் பயம். இன்னொன்று என் கணவர் கிளெம்.

"எனக்கு வேணாம் தாயி. இந்த மூஞ்சியை வெச்சுத்தான் மாடுங்க என்னை அடையாளம் கண்டுபிடிக்குது" என்பார்.

அந்த வியாழக்கிழமை சந்தைக்கு அவர் நாற்பது இளங்காளைகளை ஏற்றிப்போனார். எட்டு மாதமாக மழை இல்லை. எங்கள் நிலத்தில் புல் என்று ஒன்று இல்லை; குட்டையில் சேறுதான் மிச்சம். ஒவ்வொரு காளைக்கும் கையால் தீவனம் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார். அன்றைக்கு விற்றுவிட்டால் அவை கடற்கரைப் பக்கம் போய்ப் புல் தின்னும். விற்காவிட்டால் துப்பாக்கிதான். அதையும் அவர்தான் பிடிக்க வேண்டும். நானும் போனேன், நிலையத்தின் துண்டுப் பிரசுரங்களோடு.

எங்கள் சந்தையில் ஏலம் கேட்பவர் வாயைத் திறப்பதில்லை. கையைத் தூக்குபவன் வெளியூர்க்காரன். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் தொப்பி நிழலில் புருவத்தை இம்மியளவு தூக்குவார்கள். டூலி அதைப் பார்த்து விலையை ஏற்றுவார். புருவம் தூக்கினால் வாங்கியாச்சு. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"நாப்பது காளை! கண்ணுல ஒத்திக்கலாம்! யாரு கேக்கறது?" என்று டூலி குரல் கொடுத்தார்.

வேலியோரம் வரிசையாக நின்ற முகங்களில் ஒன்றும் அசையவில்லை.

"என்னய்யா எல்லாரும் செத்தா போயிட்டீங்க?"

விக்கரிக்குக் காது மட்டும் சிவந்தது. நான் பக்கத்தில் போய், "கையைத் தூக்கித் தொலையேன்யா!" என்றேன். "நான் என்ன வெளியூர்க்காரனா?" என்று பல்லைக் கடித்தார். "தூக்கிக்கிட்டேதான் இருக்கேன். மண்டையே வலிக்குது!"

ஒருவரும் கேட்காததைக் கண்டு கிளெம் சுற்றிலும் பார்த்தார். புருவம் இரண்டும் மேலே போயின.

"ஆகா, கேட்டாச்சு! தலைக்கு ஐந்நூறு டாலர்!" என்றார் டூலி.

தனக்குப் பின்னால் யாரோ கேட்கிறார்கள் என்று கிளெம் நினைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் புருவம் இன்னும் ஏறியது.

"அறுநூறு!"

"நரெல், எவனோ புண்ணியவான் விடாம கேக்கறான்டி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். புருவம் தொப்பியைத் தொட்டது.

"எண்ணூறு! முடிஞ்சுது! வாங்கினது நம்ம கிளெம்!"

"டேய் டூலி! அது என் மாடுடா!"

"தெரியும்டா. தூக்கினதும் உன் புருவம்தானே? உனக்காக ஊர் வழக்கத்தை மாத்தச் சொல்றியா? கமிஷனைக் கட்டிட்டு ஓட்டிக்கிட்டுப் போ."

மறுநாள் காலையில் கிளெம் முதன்முறையாக எங்கள் நிலையத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பு மேசை முன்னால் நின்றார்.

"ராத்திரி மூணு காளை படுத்துது, எழுந்திருக்கல. மீதியை நாளைக்கு நான்தான்…" அந்த முகத்தில் கோபம், அழுகை, அவமானம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. "இங்க யாருக்காவது வருத்தம்னு ஒண்ணு இருக்கா?"

டாக்டர், ஷோனா, நான், மூவரும் பளிங்கு மாதிரி நின்றோம்.

"எனக்கு இருக்கு கிளெம். சத்தியமா இருக்கு."

"எங்க? காட்டு."

காட்டப் பார்த்தேன். என்னால் ஆனமட்டும் பார்த்தேன். எதிரே கண்ணாடிக் கதவில், எங்கள் விளம்பரத் தட்டியில் இருக்கும் பெண்ணைப் போலவே சாந்தமாக ஒருத்தி நின்றாள். கிளெம் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"நரெல், புகார்ப் பதிவேட்டை எடும்மா" என்றார் டாக்டர். "வந்த புகார், ஒண்ணு. காரணம்…" சற்று யோசித்தார். "எழுது: 'புகார்தாரர் இன்னும் சிகிச்சை பெறாதவர்.'"

கணவரின் பெயரை முழுதாகப் போட்டு, நானே எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த மாதமே எனக்குச் 'சிறந்த ஊழியர்' சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு, கிளெம் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் பொன்னெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'எந்த வேலையையும் முகம் சுளிக்காமல் செய்பவர்.'