ஓராள் கூடாரம்

வருகிற சனிக்கிழமை தன் வீட்டில் படுப்பதில்லை என்று வீரசிங்கம் முடிவெடுத்துவிட்டார்.

தப்பாக நினைக்க வேண்டாம். அவர் படுக்க ஆசைப்பட்டது நமுனுகுலை மலை உச்சியில். தனியாக. ஒரு கூடாரத்துக்குள். கல்யாணமான நாளிலிருந்து "என்னாங்க" என்ற சத்தம் இல்லாமல் அவருக்கு ஒரு பொழுதும் விடிந்ததில்லை. மலை உச்சிக்கு அந்தச் சத்தம் எட்டாது. அங்கே போன் சிக்னல் நன்றாக இருக்கும் என்று றில்வான் சொன்னபோது மட்டும் கொஞ்சம் திடுக்கிட்டார். பிறகு, போனை அணைத்துவிடலாம் என்று தேறிக்கொண்டார்.

றில்வான் பதுளை பஜாரில் போன் கடை வைத்திருப்பவன். மாதம் ஒரு மலை ஏறுகிற கூட்டம் ஒன்றுக்குத் தலைவன். அவன் மனைவி ஹம்ஸியாவும் கூட ஏறுவாள். வீரசிங்கம் அந்தக் கூட்டத்தில் சேர ஒருதரம் வீட்டில் அனுமதி கேட்டுப் பார்த்தார். "மலையில போய்ப் படுக்குறதுக்கு நமக்கு என்னா, வீடா இல்ல?" என்றாள் மனைவி கலாராணி. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆயுசெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு மகளோடு வந்து இருக்கும் மாமியார், "மலையில ஏறி எறங்கி என் முட்டி போனது பத்தாதா மாப்ள?" என்று கம்பைத் தட்டினார். அத்தோடு பேச்சு முடிந்தது. வீரசிங்கம் என்ற பெயர் அவருக்கு அப்பா வைத்தது. குணத்தைக் கலாராணி வைத்துக்கொண்டாள்.

ஆகவே இந்த முறை ரகசியம். ராத்திரியெல்லாம் போர்வைக்குள் வீடியோ பார்த்துக் கூடாரம் தேர்ந்தெடுத்தார். ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா? தண்ணீர் உள்ளே வராமல் எது தடுக்கும், உள்ளே விட்ட மூச்சு வெளியே போக எது விடும்? கடைசியில் ரெண்டு றாத்தல் பாண் ரொட்டியின் எடைகூட இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். பார்சலைத் தன் கடைக்குப் பின்னால் வைத்துத் திறந்தார். துணி இருந்தது. கயிறு இருந்தது. தரையில் அடிக்கும் முளைகள் இருந்தன. கூடாரத்தைத் தாங்கும் கம்பு மட்டும் இல்லை.

"ஏமாத்திட்டானுங்க மச்சான்!"

"இல்லடா," என்றான் றில்வான் போனில். "அதுக்குக் கம்பு வராது. கையில ஊன்றிக்கிட்டு நடக்கிற கம்பையே நடுவில நிறுத்திக் கட்டணும். அதனாலதானே அவ்வளவு லேசு."

வீரசிங்கத்திடம் ஊன்றுகோல் ஏது? கொழும்பில் ஒன்று சொல்லி வைத்தார். வருகிற வழியாகக் காணோம்.

கூடாரத்தைக் காலியான பெயின்ட் வாளிக்குள் ஒளித்து வைத்தார். ஹார்ட்வெயார் கடைக்காரருக்கு அதைவிட நல்ல ஒளிவிடம் தோன்றவில்லை. கலாராணிக்கு அன்றைக்கென்று ஒரு வாளி தேவைப்பட்டது.

"என்னாங்க, இது என்னா?"

"எது?"

"இதுதான்."

"அதுவா? அது... மழைக்குக் கட்டுற தறப்பாள்."

"நம்ம கடை பூரா தறப்பாள் தொங்குது. இது என்னா, பட்டுச் சேலையாட்டம் வழுக்குது?"

"லேசான தறப்பாள்."

"எதுக்கு?"

வீரசிங்கத்துக்கு வெளியே ஓட வழியில்லை. வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தலைக்கு மேலே சுவரில் கலண்டர். கலண்டரில் கதிர்காம முருகன்.

"கதிர்காமத்துக்கு," என்றார்.

"கதிர்காமத்துக்கா?"

"பாதயாத்திரை. நேர்த்தி வச்சிருக்கேன்."

"யாருக்கு நேர்த்தி?"

உள்ளே மாமியாரின் கொய்யாக் கம்பு டொக் டொக் என்று நடந்து வந்தது.

"அத்தை முட்டிக்கு," என்று வீரசிங்கத்தின் வாய் அவரைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது.

கலாராணி கத்தியிருந்தால் அவருக்குப் பயமிருந்திருக்காது. அவள் கத்தவில்லை. அவரையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வர்ற சனிக்கிழம."

"யாரு கூட?"

"நேர்த்தின்னா தனியாத்தான் போவணும்."

"ஆமா, ஆமா," என்றவள் நேரே சாமி அறைக்குப் போய், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து முருகன் படத்தின் முன்னால் வைத்துவிட்டு வந்தாள். மாமியார் அவர் தலையில் கைவைத்து, "மகன் இருந்தாக்கூட இப்படி நெனச்சிருக்க மாட்டான் மாப்ள," என்று அழுதார். வீரசிங்கம் அந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். முடிந்த காசு சாமியுடையது. அதோடு விளையாட முடியாது. மலையை விட்டு இறங்கின கையோடு பஸ் ஏறிக் கதிர்காமம் போய் அந்தக் காசை உண்டியலில் போட்டுவிடுவது என்று மனசுக்குள் முருகனோடு ஒரு தனி ஒப்பந்தம் செய்துகொண்டார்.

புதன்கிழமை அடுத்த கண்டம் வந்தது.

"புதுச் சாமான போட்டுப் பாக்காமலா கொண்டு போவீங்க? காட்டுக்குள்ள கிழிஞ்சுகிடந்தா என்னா செய்வீங்க? கட்டுங்க, பாப்போம்," என்றாள் கலாராணி.

கொல்லையில் ஆடி மாதத்துக் கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போனது. முதலில் வாசல் கூட்டுகிற தும்புத்தடியின் கம்பைக் கொடுத்து நிறுத்தினார். கம்பு நீளம். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம் மாதிரி கூடாரம் தரையை விட்டு எழும்பி நின்றது. கடையிலிருந்து பைப் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அது வளைந்தது. அடுத்த காற்றில் கூடாரம் அவர் கையை உதறிக்கொண்டு எலுமிச்சை மரத்துக்குப் பாய்ந்தது. முள்ளில் மாட்டுவதற்குள் கலாராணி எட்டிப் பிடித்தாள். வீரசிங்கத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அம்மா, ஒங்க கம்பக் கொஞ்சம் குடுங்க," என்றாள் கலாராணி.

கொய்யாக் கம்பு உள்ளே போனது. கயிறுகள் இறுகின. துணி சுருக்கமில்லாமல் விறைத்து நின்றது. அளவெடுத்துச் செய்தாலும் அப்படி அமையாது.

வீரசிங்கம் பூரித்துப்போனார். பூரித்தவர் வாத்தியாராகிவிட்டார்.

"மொதல்ல எந்த மூலைக்கு முளை அடிக்கணும்?" என்று கேட்டாள் கலாராணி.

"காத்து வர்ற பக்கத்து மூலைக்கு. தாழ்ந்த பக்கம் காத்தப் பாத்து இருக்கணும். வாசல் மறுபக்கம்."

"மேல இது என்னா, ஓட்ட?"

"ஓட்ட இல்ல கலா, ஜன்னல். இதத் தெறந்து வைக்காட்டி நம்ம மூச்சே தண்ணியாச் சொட்டும்."

"எத்தன பேரு படுக்கலாம்?"

"ஒராள்தான்."

"ஒராள் மட்டுந்தானா?"

"ஒராள் மட்டுந்தான்."

"நல்லதாப் போச்சு," என்றாள். "சரி, கழட்டுங்க. நானும் ஒருக்காக் கட்டிப் பாக்குறேன். ஒங்க பையில நான்தானே மடிச்சு வைக்கணும்."

அவள் ஒரே தடவையில் கட்டிவிட்டாள். வீரசிங்கம் கைதட்டினார். சொல்லிக்கொடுத்தவர் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

கூடாரம் சரி. கம்புக்கு எங்கே போவது? நடக்க முடியாத மாமியாரின் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா? அந்தக் கவலையில் அன்றிரவு அவர் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் முருகன் பதில் சொன்னான். மாமியார் தண்ணீர்க் குழாயடியிலிருந்து கடை வாசல் வரைக்கும் வெறுங்கையோடு நடந்து வந்தார்.

"மாப்ள! வலி போயிருச்சு!"

"நான் இன்னும் கெளம்பவே இல்லியே அத்தை!"

"நெனச்சதுக்கே கொறஞ்சிருக்குன்னா பாத்துக்குங்க. இந்தாங்க, இனி இந்தக் கம்பு எனக்கெதுக்கு?"

வீரசிங்கம் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொன்னது பொய். அந்தப் பொய்க்குக் கம்பும் கொடுத்து ஆசீர்வாதமும் பண்ணுகிறதே தெய்வம்! நமுனுகுலை உச்சியில் அவர் அப்போதே பாதி படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை கடையைப் பூட்டிவிட்டு வந்தவருக்கு வாசலில் ரெண்டு பைகள் தெரிந்தன. ஒன்று அவருடையது. மற்றதன்மேல் மஞ்சள் சேலை மடித்து வைத்திருந்தது.

"இது யாரு பை கலா?"

"அம்மாவோடது. அம்மாவும் நடக்குறாங்க."

"அத்தையா? நேர்த்தி தனியா..."

"நேர்த்தி வச்சவரு நீங்க. கொணமானவங்க அவுங்க. கொணமானவங்க நடந்து போய்க் கும்பிடாட்டி சாமி குத்தமாயிருமுங்க."

"அப்ப நீயும் வா!"

"கடைய யாரு பாக்குறது?"

வீரசிங்கம் ரெண்டு பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் மாமியார் முட்டியை வைத்துப் பொய் சொன்ன மாப்பிள்ளை. முடிந்த காசு வேறு சாமி அறையிலிருந்து அவரையே பார்த்தது. கை தன் பையைத் தடவியது. பை மெலிந்திருந்தது.

"கூடாரம் எங்க?"

மாமியார் சிரித்தார். "பாதயாத்திரைக்குக் கூடாரமா மாப்ள? கோயில் மடத்துலயும் மரத்தடியிலயும் படுக்குறதுதான் நேர்த்தி. சொகுசாப் போறதுன்னா பஸ்ஸு இருக்கே."

"கம்பாவது..."

"நானே கம்ப விட்டுட்டேன். நீங்க என்னா கெழவனா?"

அவருக்கு அழுகை வந்தது. கடைக்குப் பின்னால் போய் நின்று றில்வானைக் கூப்பிட்டார்.

"நான் நாளைக்கு வரல மச்சான்."

"ஓ, சரி மச்சான்," என்றான் றில்வான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "கவலப்படாத. ஒன் இடம் வீணாப் போகாது."

சனிக்கிழமை விடிந்ததும் நடக்கத் தொடங்கினார்கள். பசறைப் பாதையில் மாமியார் முன்னால். அவருக்குப் பின்னால் மஞ்சள் சேலையைக் குறிபார்த்தபடி வீரசிங்கம். ஏற்றம் வந்தால் மாமியாரின் வேகம் கூடியது. கடையில் உட்கார்ந்தே பழகிய கால்கள் வீங்கின. குதிகாலில் கொப்புளம் போட்டது.

"மெதுவா அத்தை. ஒங்க முட்டி..."

"முட்டிக்கு என்னா?"

"வலிக்குமே."

"அது மழ நாள்லதானே மாப்ள வலிக்கும். இப்ப ஆடிக் காத்துல்ல அடிக்குது!"

வீரசிங்கம் நடுரோட்டில் நின்றுவிட்டார். மாமியார் நிற்கவில்லை.

பசறைக் கோயில் முன்றலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாமியார் யாரோ தோட்டத்துப் பெண்களோடு அரட்டையில் இறங்கினார். வீரசிங்கம் தூணில் சாய்ந்து காலை நீட்டினார். எதிரே நமுனுகுலை மலை, மஞ்சள் வெயிலில், தெளிவாக, அநியாயத்துக்கு அழகாக நின்றது. இந்நேரம் அங்கே கூடாரம் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

போன் சிணுங்கியது. றில்வானிடமிருந்து படம் வந்திருந்தது.

மலை உச்சி. ஒரு கூடாரம். தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்து, வாசல் மறுபக்கம், மேலே ஜன்னல் திறந்து, ஒரு சுருக்கம் இல்லாமல். நடுவில் விறைப்பாக நின்றது ஒரு கொய்யாக் கம்பு. ஹம்ஸியா பக்கத்தில் நின்று சிரித்தாள். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தது...

வீரசிங்கம் படத்தைப் பெரிதாக்கினார். மலையை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

போன் அடித்தது.

"என்னாங்க."

அந்தச் சத்தம் எட்டாத ஒரே இடம் என்று அவர் நம்பிய இடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"கலா! நீ... கடை?"

"பூட்டிட்டேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பார்சல் வர்றதுக்கு முந்தியே ஹம்ஸியா சொல்லிட்டா. ஒங்க வாயால சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க எங்கம்மா முட்டியச் சொன்னீங்க."

போனில் மலைக் காற்று இரைந்தது.

"அங்க... எப்படி இருக்கு கலா?"

"ரொம்ப நிம்மதியா இருக்குங்க. சரி, போன அணைக்கப்போறேன். விடியிற வரைக்கும் 'கலா கலா'ன்னு கூப்பிடாதீங்க."