மோடத்தின் வாயை மூடிய கதை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் லேப்டாப்பைத் தவிர யாவரும் நலம். அங்கே அத்தையின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. அப்பாவுக்கு அணைக்கட்டு வேலைக்கு மாற்றலாகி நாங்கள் குடிவந்த இந்த குவார்ட்டர்ஸில் வெளியுலகத்துக்கு இருக்கிற ஒரே வழி டெலிபோன் கம்பிதான். ஞாயித்துக்கிழமை நம்ம லினக்ஸ் எழுத்துச் செயலியோட புதுப் பதிப்பு வருது மாமா! கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நின்ன பிழையைச் சரி பண்ணினது நான். பதினாலே வரி! சனிக்கிழமைக்குள்ள அனுப்பினா உழைச்சவங்க பட்டியல்ல என் பேர் வரும். "அதுல உனக்கு என்னடி கிடைக்கும்?"னாங்க அம்மா. "பேரு"ன்னேன். "அதான் பொறந்தப்பவே வச்சோமே"ங்கிறாங்க.

போன் கம்பி வழியா இணையத்தைப் பிடிக்க லேப்டாப்புக்குள்ள இருந்த மோடம் விண்டோஸோட மட்டும்தான் பேசுமாம். லினக்ஸைப் பாத்தா சண்டை போட்ட சம்பந்தி மாதிரி மூஞ்சியத் திருப்பிக்குது. சரின்னு பஸ் ஏறிப் போய் ஒரு யூஎஸ்பி மோடம் வாங்கினேன். அட்டையில, "லினக்ஸ் டிரைவர் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும்"னு போட்டிருக்கு. இணையம் இருந்தா நான் ஏன் மோடம் வாங்குறேன்! மறுபடி பஸ். கடைக்காரர் பரண்லேர்ந்து செங்கல் மாதிரி ஒண்ணை இறக்கி, "இது எதோட வேணாலும் பேசும் பாப்பா"ன்னு கடை போன்ல மாட்டிக் காட்டினார். பேசுச்சு மாமா! வீட்டுக்கு வந்து மாட்டி, இணையத்துக்கான டவுன் நம்பரைப் போடுறப்பவே அம்மா, "என்னடி இது, கிளி மாதிரி கீ கீன்னு கத்துது? முதல்ல அதோட வாயை மூடு"ன்னாங்க. ஸ்பீக்கரை அணைச்சேன். அன்னிலேர்ந்து நாலு நாளா டயல் பண்ணுது, கொஞ்சம் யோசிக்குது, "இணைப்பு இல்லை"ங்குது. முடியல.

லினக்ஸோட சின்னம் பெங்குயின்கிறதால என்னைப் பெங்குயின்னு கேலி பண்ணுவீங்களே, அந்தப் பெங்குயின் தோத்துடுச்சு. உங்க விண்டோஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சனிக்கிழமைக்குள்ள வாங்க. அதைப் பத்தி மூணு வருஷமா நான் பேசினதெல்லாம் வாபஸ்.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் ஆசியையும் லேப்டாப்பையும் எதிர்நோக்கும்,
பெங்குயின்.

பி.கு.: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி, அம்மா குளிக்கப் போன நேரம் பாத்து ஸ்பீக்கரைப் போட்டேன். கிளி கத்தி முடிச்சதும் ஒரு அக்கா ரொம்பப் பொறுமையா, "இந்தத் தொலைபேசியில் வெளியூர் அழைப்புகள் பூட்டப்பட்டுள்ளன"ங்கிறாங்க. நாலு நாளா மோடம்கிட்ட இதையேதான் சொல்லிக்கிட்டிருந்திருக்காங்க! வெளியூர்ச் சொந்தமெல்லாம் எங்களைத்தான் கூப்பிடும்ங்கிறதால வீட்ல யாருக்கும் அது உறைக்கல. அப்பாவைக் கேட்டேன். "அட, அக்கம்பக்கத்துல வந்து பேசிடுவாங்கன்னு போன மாசம் உன் மாமாதானே பூட்டினான்! பூட்டைத் திறக்கிற நம்பரு அவனுக்குத்தான் தெரியும்."

வாபஸை வாபஸ் வாங்கிட்டேன். நீங்க வர வேணாம். அந்த நாலு நம்பரை மட்டும் போன் பண்ணிச் சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா இங்க மணி அடிக்கும். மோடம் வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கு. நானும்தான்.