சக்கர நாற்காலிக்கு ஒரு பேரம்

வேனின் நெற்றி இரும்புக் கம்பியில் இடித்து நின்றது. வாகன நிறுத்தத்தின் வாசலில் குறுக்கே தொங்கிய கம்பி அது. படுக்கை, அடுப்பு சகிதம் வீடு மாதிரி உயர்ந்த வண்டிக்கு உள்ளே இடமில்லையாம்.

"விடுங்க, இங்கிருந்தே மணிக்கூண்டு தெரியுதே," என்றாள் மனைவி.

"சும்மா இரு. நீ ஆசைப்பட்டுக் கேட்டது. கிட்டப் போய்த்தான் பார்க்கணும்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவர் ஊரில் ஜவுளிக்கடை முதலாளி. போன மாதம் இருவரும் உடம்பைப் பரிசோதிக்கப் போனபோது, பில்லைக் குறைக்கச் சொல்லிக் கவுன்டரில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் டாக்டரின் குரல் கேட்டது: "இந்த வருஷம் தாண்டுறதே கஷ்டம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், "ஒண்ணுமில்லீங்க" என்றாள். அன்று சாயங்காலமே, "வெளிநாட்டுல வேன் எடுத்துச் சுத்தலாமா?" என்று கேட்டாள். என்ன விலை என்று கேட்காமல் அவர் தலையாட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இவளை நடக்க விடக்கூடாது. சந்து வழியாக மணிக்கூண்டு வாசலுக்கே வண்டியை விட்டார். பாதி தூரத்தில் சந்து இளைத்துவிட்டது. பின்னால் எடுத்தார்; பூக்கடையின் பந்தல் துணி வேன் கூரையில் ஏறிக்கொண்டது.

"கல்யாண வண்டி மாதிரி இருக்குங்க!"

"சிரிக்காதே, உனக்கு மூச்சு வாங்கும்."

"எனக்கா?" என்றவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போலீஸ்காரர் வந்தார். அபராதத்தைக் குறைக்க அவரிடமும் பேரம் நடந்தது. பேசப் பேச அது ஏறியது. அதற்குள், "பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்று போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

கடைசியில் வண்டியை ஊர்க்கோடி மேட்டுக்கு விரட்டிவிட்டார்கள். இப்போது மணிக்கூண்டுக்கு முன்னைவிட இருமடங்கு நடை. வந்து சேர்வதற்குள் அவருக்கு நெஞ்சு படபடத்தது. எல்லாம் அந்தப் போலீஸ்காரன் மேலுள்ள ஆத்திரம்.

படிக்கட்டைப் பார்த்ததும் அவள், "கொஞ்சம் உட்காரலாங்க" என்றாள். அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நீ உட்காரு. இதோ வந்துட்டேன்."

எதிரே சக்கர நாற்காலி வாடகைக் கடை. பெயர்ப் பலகையில் தமிழும் இருந்தது. நம்மவர்! அப்படியானால் பேரத்துக்குப் பழகியவராகத்தான் இருப்பார்.

கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, "நாற்காலியையே விலைக்குக் கேட்டேனா?" என்று பாதிக்குக் கேட்டார் முதலாளி.

"சரி சார்."

இன்னும் குறைத்திருக்கலாமோ என்று பயந்துபோய் அதிலும் பாதி கேட்டார்.

"உங்க இஷ்டம் சார்."

தன் ஜவுளிக்கடையைத் திறந்த நாள் முதல் இப்படி ஓர் ஏமாளியை அவர் கண்டதில்லை. காலையிலிருந்து முதல் வெற்றி. மீசையைத் தடவிக்கொண்டார். கடைக்காரர் நாற்காலி எடுக்க உள்ளே போனார். திரைக்குப் பின்னாலிருந்து கடைக்காரரின் மனைவி குரல் கேட்டது.

"பேரம் பேசினா விட்டுக்குடுத்துடுங்கன்னு அந்தம்மா பணம் கட்டிட்டுப் போச்சே, அந்த வீட்டுக்காரரா? தான் பிழைக்கப் போறதில்லைன்னு பாவம் அந்த மனுஷனுக்கு இன்னும் தெரியாதாமே!"