பொன்னாடை போர்த்திக் கட்டிய கடன்

அஞ்சுகிராமத்தில் ரகசியம் என்று ஒன்று தங்காமல் போனதற்கு ஹலோ அண்ணாச்சி ஒருவரே பொறுப்பு. மைக்செட் வாடகைக்கு விடுபவர். எதைப் பேசினாலும் முதல் சொல் 'ஹலோ'தான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் மூன்று 'ஹலோ' சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் பெயரைக் கேட்டாராம்.

கிரெடிட் கார்டை வீடு தேடி வந்து கொடுத்த காலம் அது. அண்ணாச்சி அதைத் தேய்த்து ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். தவணை தவறியது, வங்கி வழக்குப் போட்டது. வசூலுக்கு வந்த பையன் ஒருநாள் கோயில் கொடைத் திருவிழாவுக்கே வந்துவிட்டான். அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"ஹலோ! கடன் கேட்டு வந்திருக்கிற தம்பி உடனே மேடைக்கு வரவும்!"

பையனுக்கு வியர்த்துவிட்டது. மைக்செட் ஏற்றும் வேனை விற்று வைத்திருந்த பணத்தை அண்ணாச்சி மேடையிலேயே எண்ணிக் கொடுத்து, அவனுக்குப் பொன்னாடையும் போர்த்தி, ஊரைக் கைதட்ட வைத்தார். ரசீது வாங்க மட்டும் மறந்துவிட்டார்.

அதன்பின் வங்கிக்காரர்கள் கோர்ட்டுக்கு வராததால் வழக்கு தள்ளுபடியானது. பல வருஷம் கழித்து, பழைய பாக்கிகளை விலைக்கு வாங்கிய ஏதோ ஒரு கம்பெனி அதைத் தூசு தட்டி எழுப்பியது. தோற்றால் வட்டிக்கு மைக்செட்டே போய்விடும். நாகர்கோவில் வக்கீலிடம், அவர் மைக்கில் பாடிப் பழகிய நானும் கூடப் போனேன்.

"ரசீது எங்க அண்ணாச்சி?"

"மைக்ல சொன்னேம்லா சார், ஊரே கேட்டுச்சே!"

வக்கீல் தலையில் கைவைத்தார். "கடன் காலாவதி ஆயிட்டுன்னு எழுதிப் பாப்போம்."

"காலாவதி ஆவதுக்கு நான் என்ன இருமல் மருந்தா? குடுத்தவன் குடுத்தேன்னுதான் சொல்லணும்!"

எனக்கு அப்போதுதான் அந்தக் கொடையை வீடியோ எடுத்த சிடி ஞாபகம் வந்தது. அதில் நான் பாடிய பாட்டு இருப்பதால் பத்திரமாக வைத்திருந்தேன்.

கோர்ட்டில் லேப்டாப்பில் போட்டார்கள். முதலில் என் பாட்டு. நீதிபதி பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார். அடுத்து அண்ணாச்சியின் குரல்: "பாக்கி முழுவதையும் தம்பி பெற்றுக்கொண்டார், எல்லாரும் கை தட்டுங்க!" பொன்னாடைக்குள் பையன் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டார். வழக்கு தள்ளுபடி.

அந்த வருஷக் கொடையில் தீர்ப்பை அறிவிக்க மேடை ஏறிய அண்ணாச்சி, 'ஹலோ' என்றதோடு நின்றுவிட்டார். மைக்கை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு மக்கா. எனக்கு 'ஹலோ'வத் தாண்டி வரல்ல."

என்னென்னவோ சொல்ல நினைத்தேன்.

"ஹலோ... இவரு எங்க ஊர்க்காரரு" என்று மட்டும் சொன்னேன்.