மோட்டாருக்கு ஜாதகம்

நம் தீவின் ரங்கத் கடைவீதியில் மோட்டார் சித்தர் வந்து இறங்கிய நாளிலிருந்து ஊரில் ஒருவனுக்கும் வேலை ஓடவில்லை. சித்தர் மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருநிலத்திலிருந்து, கப்பலில் வந்தவர். அது ஒன்று போதாதா? அரிசி கப்பலில் வருகிறது, சிமெண்டு கப்பலில் வருகிறது, கல்யாணத்துக்குப் பெண்ணே கப்பலில்தான் வருகிறாள். ஞானம் மட்டும் இந்தத் தீவில் விளைந்துவிடுமா என்ன?

அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே நம் ஆட்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பங்குனித் திருவிழாவில் சேவல் சண்டை கூடாது என்று தடை வந்த பிறகு, ஆளுக்கொரு இரும்புச் சேவல் செய்யத் தொடங்கியிருந்தார்கள். நாலு சக்கரம் வைத்த தகரப் பெட்டி, முன்னால் இரும்பு மூக்கு, உள்ளே ஒரு பழைய மோட்டார். நீள ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு ஆள், அவன் கையில் ரெகுலேட்டர். பிடியைத் தள்ளினால் சேவல் பாயும், இழுத்தால் பதுங்கும். இரண்டு சேவல் முட்டிக்கொண்டு நிற்கும்போது எது முதலில் அடங்குகிறதோ அது தோற்றது.

போன திருவிழாவில் பாதிச் சேவல்கள் எதிரி அடித்துச் சாகவில்லை. ரெகுலேட்டர் புகைந்தே செத்தன. எந்த மோட்டாருக்கு எந்த ரெகுலேட்டர் போடுவது? எல்லோருக்கும் இதுதான் தலைவலி. சித்தர் சரியாக அந்தத் தலைவலிக்குத் தைலம் கொண்டுவந்திருந்தார்.

அவர் வழி ரொம்பச் சுலபம். மோட்டாருக்கு மேலே ஒரு பித்தளைக் குண்டை நூலில் தொங்கவிடுவார். குண்டு ஆடும். ஆட்டத்தைப் பார்த்து மோட்டாரின் ராசியைச் சொல்வார். சிம்மத்துக்குச் சிவப்பு டப்பா, ரிஷபத்துக்குப் பச்சை, மீனத்துக்கு நீலம். டப்பாவுக்குள் ரெகுலேட்டர், வாயில் அரக்கு. திறந்தால் சக்தி பறந்துவிடுமாம். வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் தோளோடு தோள் உரசி வரிசையில் நின்றார்கள். தேச ஒற்றுமையை வேறெங்கே போய்த் தேடுவது?

அந்த வரிசையில் ஜம்புலிங்கமும் நின்றான். காண்டிராக்டர் ராஜமாணிக்கத்தின் பஸ் ஷெட்டில் மெக்கானிக். பஸ் விளக்கு மங்கினால் கரண்டு அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு ஒயரைத் தொடமாட்டான். அன்று அந்த மீட்டரை ஷெட்டில் ஆணியில் மாட்டிவிட்டு, புத்தியையும் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தான்.

இது அவனுடைய முதல் சேவல். அதற்குள் இருந்தது பஸ்ஸின் வைப்பர் மோட்டார். பங்குனியில் மழை ஏது என்று முதலாளிக்குத் தெரியாமல் கழற்றியது. மழை தொடங்குவதற்குள் திரும்ப மாட்டியாக வேண்டும். கருகிவிட்டால் வேறு மோட்டார் மெட்ராஸிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். கப்பலுக்கு முன்னால் மழை வரும், மழையோடு வேலையும் போகும்.

அவன் மனைவி சந்திரமதி பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தாள். மோட்டாரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஊர்க்காரன் கோவிந்தராஜின் சேவல், சித்தரின் பச்சை டப்பாவோடு ஒத்திகையிலேயே குப்பென்று புகைந்ததை அவள் கடைவாசலிலிருந்து பார்த்தாள். ஏன் என்று கேட்டதற்கு, கோவிந்தராஜ் முதல்நாள் மீன் தின்ற தோஷம் என்றார் சித்தர். இந்தத் தீவில் மீன் தின்னாதவனை எங்கே போய்ப் பிடிப்பது? ஆள் கெட்டிக்காரர்தான்.

புருஷனின் வேலை போனால் டீக்கடை வருமானத்தில் அடுப்பு எரியாது. சந்திரமதி ஒரு துணிமூட்டையோடு வந்தாள். ஜம்புலிங்கத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூட்டையைச் சித்தர் முன்னால் வைத்தாள்.

"துணியப் பிரிக்கட்டுமா சாமி?"

"வேணாம் தாயி. ஞானக்கண்ணுக்குத் துணி ஒரு மறைப்பா?"

குண்டு ஆடியது. சும்மா இல்லை, ஊஞ்சல் மாதிரி ஆடியது. சித்தர் கண்ணை மூடினார். சிம்ம ராசி, மகம் நட்சத்திரம், முன்கோபி, போன ஜன்மத்தில் ஒரு கப்பலை ஓட்டிய மோட்டார் என்று அடுக்கினார். இதற்குச் சிவப்பு டப்பாதான், அதுவும் பெரியது.

சந்திரமதி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு தேங்காய் இருந்தது.

வரிசையில் நின்ற வங்காளி ஒருவர்தான் தீவுக்கே பொதுவான இந்தியில் முதலில் வாயைத் திறந்தார். "அரே, நாரியல்!"

"நாளைக்கிச் சட்னி அரைக்கணும் சாமி. சட்னிக்கு என்ன ராசின்னும் சொல்லிருங்க" என்றாள் சந்திரமதி.

அதற்குப் பிறகு சித்தரின் பேச்சு யார் காதிலும் விழவில்லை. கோவிந்தராஜ் குறடால் மூன்று நிற டப்பாக்களையும் உடைத்தான். மூன்றிலும் ஒரே சரக்கு. தலைமுடி போல மெல்லிய ஒரே கம்பிச்சுருள். ராசி பெயிண்டில் மட்டும்தான் இருந்தது. சித்தர் மறுநாள் படகேறினார். நல்ல நேரம் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜம்புலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பஸ்ஸுக்கு மட்டும் மீட்டர் வெச்சுப் பாக்கறீங்க. இதுக்கு ஏங்க குண்டத் தேடி வந்தீங்க?" என்றாள் சந்திரமதி.

அவன் நேராக ஷெட்டுக்குப் போய் மீட்டரை எடுத்துவந்தான். சேவலைச் சும்மா ஓடவிட்டபோது முள் கொஞ்சமாகத்தான் ஏறியது. சக்கரத்தை ஒரு கணம் கட்டையால் அழுத்தி நிறுத்தினான். முள் துள்ளி மேலே போனது. அவ்வளவுதான் ரகசியம். ஓடும் மோட்டாரைவிட முட்டிக்கொண்டு நிற்கும் மோட்டார் பல மடங்கு கரண்டு குடிக்கும். சண்டை என்றாலே முட்டிக்கொண்டு நிற்பதுதானே? அந்தச் சூட்டைத் தாங்குகிற மாதிரித் தடித்த கம்பியில் தானே ஒரு ரெகுலேட்டர் செய்தான்.

திருவிழாவில் அவன் சேவல் இரண்டாம் சுற்றிலேயே குப்புற விழுந்து தோற்றது. ஆனால் புகையவில்லை. முதல் மழை கொட்டிய காலையில் ராஜமாணிக்கத்தின் பஸ் வைப்பரை ஆட்டிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் சந்திரமதிக்கு மூச்சே வந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் ஊருக்குப் பெருமை. அடுத்த வாரம் சந்திரமதி ஷெட்டுக்குப் போனால், ஆணியில் தொங்கிய மீட்டருக்கு யாரோ சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி மாலை போட்டிருந்தார்கள். வெளியே ரெகுலேட்டரும் கையுமாகப் பத்துப் பேர், செருப்பைக் கழற்றிவிட்டு.

சந்திரமதி முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். "இது கும்புடறதுக்கு இல்ல. படிச்சுப் பாக்கறதுக்கு" என்றாள்.

ஐயா பெரியோர்களே, தேங்காயை உடைத்தால் சட்னியாவது மிஞ்சும். தலையை அடகு வைத்தால் என்ன மிஞ்சும்? யோசியுங்கள். அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டாம்.